தரிசு என்று ஒரு நிலம் உண்டோ?

கோடை விடுமுறையில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்தில் செல்லும் குடும்பத்தினர், சில மணி நேரத்திற்குள் பல நாடுகளின் இயற்கையைக் கண்டுவிடுகின்றனர் எனலாம். அடிவாரத்தில் முட்புதர்கள், சற்று மேலே, கோடையில் இலையுதிர்த்து நிற்கும் காடு, அதற்கும் மேலே பசுமை மாறாத மரங்கள், உச்சியில் குளிர்ந்த புல்வெளியும் சோலையும். ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1802ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் ஏறியபோது இத்தகைய மாற்றத்தையே கண்டார். மலையில் ஏற ஏறத் தாவரங்கள் மாறுவதும், நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கிச் செல்லச் செல்ல மாறுவதும் ஒத்த முறையில் நிகழ்கின்றன என்பதை அவர் உணர்ந்தார்.

இம்மாற்றத்திற்குரிய முதன்மையான காரணங்கள் இரண்டு: வெப்பம், மழை. இவ்விரண்டிற்கும் ஏற்பத் தாவரங்கள் அமைகின்றன. தாவரங்களுக்கேற்ப விலங்குகள் வாழ்கின்றன. இவ்வாறு அமைந்த பெரும் உயிர்க் கூட்டத்தைப் பல்லுயிர்த் தொகுதி என்பர்.

வட துருவத்தை அடுத்த தூந்திரப் பகுதியில் அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடப்பதால் மரங்கள் ஆழ வேரூன்ற இயலாது. பாசியும் குறுஞ்செடியுமே வளரும். அதற்குத் தெற்கே கனடாவிலும் சைபீரியாவிலும் ஊசியிலைக் காடுகள் பரந்துள்ளன. அடுத்து வருபவை ஐரோப்பாவின் இலையுதிர் காடுகள். மழை குறைந்த உள்நாட்டுப் பகுதிகளில் புல்வெளிகள் விரிகின்றன. வட அமெரிக்காவில் அவை பிரெய்ரி, ஆசியாவில் ஸ்டெப்பி எனப்படும். ஆண்டுக்கு 25 செ.மீ. மழையும் பெறாத இடங்கள் பாலைவனங்கள். அமேசான், காங்கோ ஆற்றுப் பகுதிகளில் மழைக்காடுகள் செழிக்கின்றன.

இவற்றுள் காட்டைப் போற்றும் மனிதன், ஏனையவற்றை வெறும் நிலம் என்று எண்ணிவிடுகிறான். உண்மை வேறு. சகாராப் பாலைவனத்தின் புழுதி அட்லாண்டிக் கடலைக் கடந்து அமேசான் காட்டில் படிகிறது. பெருமழை கரைத்துச் செல்லும் பாஸ்பரஸ் சத்தை அப்புழுதியே ஈடுசெய்ய உதவுகிறது; அதன் அளவு ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் என 2015ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. பாலை காட்டை ஊட்டி வளர்க்கிறது! பிரெய்ரியில் புல்லின் வேர்களே மண்ணைப் பிடித்து வைத்திருந்தன. கோதுமைக்காக அதனை உழுதபின், 1930களில் வறட்சி வந்தபோது மண் புயலாய் எழுந்தது; எண்ணற்ற குடும்பங்கள் வீடு துறந்து சென்றன.

அதே தவறு நம் பழனி மலையிலும் நேர்ந்தது. அங்கே பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக அமைந்திருப்பது இயற்கையின் ஏற்பாடு. திறந்த மேடுகளில் பனிக்காலத்து உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும். புல்லோ தாங்கி நிற்கும். பெய்த மழையை வாங்கிச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு அளிப்பதும் அப்புல்வெளியே. ஆயினும் அது தரிசெனக் கருதப்பட்டு, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகித ஆலைக்குமாகச் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும், நம் மாநில விலங்காகிய வரையாட்டிற்கும் அப்புல்வெளியே வீடு. நல்லவேளையாக, 2022இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. புல்வெளிகளை மீட்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று.

மரம் நடுதல் நற்செயலே, ஐயமில்லை. ஆனால் எம்மரத்தை எந்நிலத்தில் நடுகிறோம் என்று முதலில் கேட்டல் வேண்டும். அடுத்த முறை மலைக்குச் செல்லுங்கால், புல் மூடிய ஒரு மேட்டைக் கண்டு, "இங்கே ஒன்றுமே இல்லையே!" என்று பிள்ளைகள் கூறினால், சற்றே நின்று, அதன் கீழே ஓடும் ஓடையை அவர்களுக்குக் காட்டுங்கள். அவ்வோடைக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கேட்பார்கள்.