ஆறொன்பது நாற்பத்திரண்டா?

எட்டாம் வகுப்பில் ஒருநாள் வாய்ப்பாட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். “ஆறொன்பது எவ்வளவு?” என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “நாற்பத்திரண்டு டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. ஆறேழை நினைத்துச் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும், “தப்பு, உட்கார்” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அதன்பின் இரண்டு வாரம் கணித வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

அவள் சொன்ன அதே தப்பான விடை, உலகப் புகழ்பெற்ற ஒரு நகைச்சுவை அறிவியல் புனைகதையில் இருக்கிறது. டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ 1978-இல் பிபிசி வானொலியில் நாடகமாக ஒலிபரப்பானது, 1979-இல் நூலானது. வாழ்க்கை, பிரபஞ்சம் எல்லாவற்றுக்குமான இறுதி விடையைக் கண்டுபிடிக்க ஒரு மாபெரும் கணினியை உருவாக்குகிறார்கள். அது 75 லட்சம் ஆண்டுகள் கணக்கிட்டு, விடை 42 என்கிறது. அப்படியானால் கேள்வி என்ன? அது யாருக்கும் தெரியாது. பிறகு, கதைநாயகன் ஒரு பையிலிருந்து எழுத்து வில்லைகளைக் கண்ணை மூடி எடுக்கிறான். அவை சேர்ந்து தரும் கேள்வி: ஆறை ஒன்பதால் பெருக்கினால் என்ன வரும்? கேள்வியும் விடையும் பொருந்தவில்லை என்பதுதான் நகைச்சுவை.

ஆனால், வாசகர்கள் சிலர் அதில் ஒரு கணிதத்தைக் கண்டார்கள். அதைத்தான் மறுவாரம் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன்.

54 புளியங்கொட்டைகள்

ஒவ்வொரு குழுவுக்கும் 54 புளியங்கொட்டைகள் கொடுத்தேன். பத்துப் பத்தாகக் குவித்தால் 5 குவியல், மீதி 4. அதைத்தான் 54 என்று எழுதுகிறோம். “பத்தாகத்தான் குவிக்க வேண்டுமா? வேறு எண்ணிக்கையில் குவித்து, குவியலையும் மீதியையும் எழுதுங்கள்” என்றேன்.

ஒன்பதாகக் குவித்த குழுவுக்கு 6 குவியல், மீதி இல்லை, ஆகவே 60. பதின்மூன்றாகக் குவித்த குழுவுக்கு 4 குவியல், மீதி 2. பலகையில் 42 என்று எழுதினார்கள். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. ஆம், அடிமானம் 13-இல் ஆறொன்பது நாற்பத்திரண்டுதான்!

இதை ஆடம்ஸ் திட்டமிட்டு ஒளித்துவைத்தாரா? இல்லை என்று அவரே மறுத்திருக்கிறார். வேடிக்கைக்காக ஒரு சாதாரணச் சின்ன எண்ணைத் தேர்ந்தெடுத்தேன் என்பதே அவர் விளக்கம். அப்படியானால் இது தற்செயல். எவ்வளவு அரிய தற்செயல்? இந்தக் கேள்வியை மாணவர்களிடமே விட்டேன்: “ஆடம்ஸ் 40 முதல் 49 வரை எந்த எண்ணை எழுதியிருந்தாலும் இப்படிப் பொருந்தியிருக்குமா?”

நான்கு குவியல் வர வேண்டுமானால் 11, 12, 13 ஆகிய மூன்று வழிகளே உண்டு. அன்று வாய் மூடிய மாணவிதான் தன் குழுவின் கொட்டைகளைப் பன்னிரண்டாகக் குவித்து, “மீதி 6, அப்போ 46-ம் வரும் டீச்சர்” என்றாள். பதினொன்றாகக் குவித்தவர்களுக்கு மீதி 10. அதை எழுத ஓரிலக்கம் நம்மிடம் இல்லை. ‘ஏ’ போன்ற ஒரு புதிய குறி வேண்டும். ஆக, பத்து எண்களில் 42, 46 இரண்டும் பொருந்துகின்றன. ஐந்தில் ஒன்று! மாயம்போல் தெரிந்தது, எண்ணிப் பார்த்ததும் சாதாரணமாகிவிட்டது.

ஆலிஸின் வாய்ப்பாடு

ஒப்பிடுவதற்கு இன்னொரு கதை சொன்னேன். 1865-இல் வெளியான ஆலிஸ் கதையில், அந்தச் சிறுமி நாலைந்து 12, நாலாறு 13 என்று வாய்ப்பாடு சொல்லி, இப்படிப் போனால் 20-ஐ எட்டவே முடியாதே என்று கவலைப்படுகிறாள். அடிமானம் 18-இல் இருபது என்பது 12. அடிமானம் 21-இல் இருபத்துநான்கு என்பது 13. ஒவ்வொரு படிக்கும் அடிமானத்தை மூன்று கூட்டினால், நாபன்னிரண்டு அடிமானம் 39-இல் 19 ஆகிறது. அடுத்தது நாபதின்மூன்று, அடிமானம் 42. அங்கே 20 வருவதில்லை! 52 கொட்டையில் 42-இன் குவியல் ஒன்று, மீதி பத்து. மறுபடியும் அந்தப் புதிய குறிதான் தேவை.

“இங்கேயும் 42!” என்று ஒரு மாணவன் குதித்தான். அந்த 42 வெறும் தற்செயல். ஆனால், எட்டுப் படிகள் ஒரே விதியில் பொருந்துவதும், ஒன்பதாவது படியில் தடைபடுவதும், எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர் என்பதும் யோசிக்க வைக்கின்றன. எளிய விளக்கமும் உண்டு: ஆங்கிலேயப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பன்னிரண்டோடு நிறுத்துவார்கள். ஒவ்வொன்றாக ஏறினால் அங்கே 19 வரைதான் வரும். எது சரி என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது.

எல்லா விடையும் சரியா?

அடுத்த நாள் ஒருவன் ஏழெட்டு 54 என்று எழுதிவிட்டு, “ஏதாவது அடிமானத்தில் சரியாக இருக்கும் டீச்சர்” என்றான். கண்டுபிடித்துக் காட்டச் சொன்னேன். 56-இல் மீதி 4 போக 52. அதை ஐந்து சம குவியலாக்க முடியாது. அவனே அடித்துவிட்டு 56 என்று எழுதினான். வாய்ப்பாட்டில் ஆறொன்பது 54தான். அதில் நான் இறங்கி வரவில்லை. ஆனால், ‘தப்பு’ என்று நான் சொல்வதற்கும், ஏன் தப்பு என்று பிள்ளையே கண்டுகொள்வதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்று எனக்குப் புரிந்தது.

தொடக்க வகுப்புகளில் குவியல் விளையாட்டாகவும், உயர் வகுப்புகளில் 4 × அடிமானம் + 2 = 54 என்ற சமன்பாடாகவும் இதைச் செய்து பார்க்கலாம். புளியங்கொட்டைக்குச் செலவில்லை. அந்த மாணவி இப்போது தப்பாகவாவது பதில் சொல்லிவிடுகிறாள். “தப்பு, உட்கார்” என்பதை நான் விட்டுவிட்டேன். “எப்படி வந்தது, சொல்” என்கிறேன்.