பழைய காரவனின் கோளாறுகள்

படுக்கையும் அடுப்பும் அமைந்த பழைய காரவனை வாங்குவோர் முதலில் உணரவேண்டுவது, அஃது ஒரு வண்டியன்று, இரண்டு என்பதே. சேஸிஸும் எஞ்சினும் தொழிற்சாலையின் ஆக்கம்; மேற்கூடு பெரும்பாலும் வேறொரு பட்டறையின் கைவண்ணம். ஒரே கையேட்டில் இரண்டிற்கும் விடை தேடுதல் வீண். 1986-இல் வெளிவந்த டாட்டா 407 சேஸிஸின்மேல் எழுந்த வண்டியாயின், எஞ்சின் பற்றிய ஐயங்களுக்கு அந்த லாரியின் கையேடே போதும். மொழி தெரியாத ஊரிலும் வழியோர மெக்கானிக் அதனை அறிவார். மேற்கூட்டின் மின்கம்பிகளையோ நாமே தொடர்ந்து சென்று படம் வரைந்துகொள்ள வேண்டும்.

உள்விளக்கு மங்கினால், வீட்டுப் பகுதிக்குரிய இரண்டாம் பாட்டரியை அளப்போம். நிறைந்து ஓய்ந்த நிலையில் அது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் 14 வோல்ட்டை ஒட்டி உயரும். எஞ்சின் பாட்டரி உயர்ந்தும் இஃது உயராவிடில், இடையிலுள்ள பியூஸ், ரிலே, துருவேறிய எர்த் இணைப்பு ஆகியவற்றை ஆராய்க. புதுப் பாட்டரிக்குக் காசு கொடுப்பது அதன் பின்னரே.