ஹாம்ஸ்டரின் கண் நோய்
ஹாம்ஸ்டர் எலியை ஒத்த சிறு கொறித்துண்ணி. பார்வை மங்கலானது, மோப்பமும் மீசை மயிருமே அதற்கு வழிகாட்டும். ஒரு கண் போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

தூங்கி எழும்போது பீளை கட்டி இமை ஒட்டியிருப்பதே அடிக்கடி காணப்படும் தொல்லை. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சற்றுநேரம் வைத்து, பீளை இளகியபின் துடைக்க வேண்டும். இமையை இழுத்துத் திறக்கக் கூடாது. மரத்தூளின் தூசி காரணமானால், காகிதத் துண்டுகளைப் பரப்பலாம். பல்லின் வேரில் சீழ் வைத்தாலும் கண் வீங்கும். வீட்டில் மீந்த சொட்டு மருந்தை விடுவதுதான் பெரிய தவறு: அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் மோசமாகும்.

கண்குழி ஆழமற்றது என்பதால் பிடரியை இறுகப் பிடித்தாலே விழி பிதுங்கக்கூடும். அது அவசர நிலை. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பீளை மறுநாளும் நீடித்தாலும் அப்படியே.

திருத்தணி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவம் பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கானது. ஹாம்ஸ்டரைப் பார்ப்பார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்வது நல்லது. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் உள்ளது. ஆந்திர எல்லைக்கு அப்பால் திருப்பதியிலும் ஒரு கல்லூரி உண்டு. இரண்டு ஊர்களுக்கும் ரயில் இருக்கிறது. ஹாம்ஸ்டர் வெயில் தாங்காது; காற்றோட்டமான பெட்டியில், தண்ணீருக்குப் பதில் வெள்ளரித் துண்டு வைத்து, காலை வண்டியிலேயே கிளம்ப வேண்டும்.