ஊர்ப் பேச்சில் உலகம் சுற்றும் ராப்

2017 டிசம்பர் 2, சனிக்கிழமை இரவு. தென்னாப்பிரிக்காவில், சொவெட்டோ டவுன்ஷிப்பின் விளிம்பில் இருக்கும் எஃப்.என்.பி. ஸ்டேடியத்தில் 68,000 பேர் கூடியிருந்தார்கள். 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நடந்த மைதானம் அது. அன்று அங்கே கால்பந்து இல்லை. வெளிநாட்டு நட்சத்திரமும் இல்லை. மஹிகெங் என்ற சின்ன ஊரிலிருந்து வந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட, 27 வயதுகூட நிரம்பாத உள்ளூர் ராப்பர் காஸ்பர் நியோவெஸ்டைப் பார்க்க வந்த கூட்டம் அது. பெரும்பாலும் தாய்மொழியான செட்ஸ்வானாவில் பாடுகிறவர் அவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 அக்டோபரில், ஜோஹன்னஸ்பர்க்கின் 'டோம்' உள்ளரங்கை நிரப்பப்போவதாக அவர் அறிவித்தபோது சிரித்தவர்கள் உண்டு. சுமார் 20,000 பேர் கொள்ளும் இடமாக அது இருந்தது. அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ பெரிய பெயர் வந்தால்தான் நிறையும் என்பது அந்நாட்டு நிகழ்ச்சி அமைப்பாளர்களின் கணக்கு. காஸ்பர் நிரப்பிக் காட்டினார். அடுத்த ஆண்டு சொவெட்டோவின் ஆர்லாண்டோ ஸ்டேடியம், அதற்கடுத்து எஃப்.என்.பி.

டிசம்பர் மாதத்தில் நிகழ்ச்சி வைத்ததிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அது கோடை விடுமுறைக் காலம். 'டெசெம்பா' என்று செல்லமாகச் சொல்வார்கள். வேலைக்காக நகரத்துக்கு வந்தவர்கள் கிராமத்துக்குத் திரும்புவார்கள். லண்டனுக்கும் பெர்த்துக்கும் டொரண்டோவுக்கும் போனவர்கள் ஊருக்கு விமானம் ஏறுவார்கள். பதினோரு மாதம் போன் திரையில் மட்டும் பார்த்த பாடகரை மேடையில் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் காலம் அதுதான். தென்னாப்பிரிக்க ஹிப்ஹாப்பின் எழுச்சியைப் பேசும்போது, ஊரில் இல்லாத இந்த ரசிகர்களையும் சேர்த்தே பேச வேண்டும். ஏனென்றால், அந்த இசையின் முதல் அத்தியாயத்திலேயே ஊர் இழந்தவர்கள்தான் இருக்கிறார்கள்.

கேப் டவுன் நகரின் நடுவே 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்று ஒரு பகுதி இருந்தது. பல இனத்தாரும் பல மதத்தாரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1966இல் நிறவெறி அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. வீடுகளை இடித்து, 60,000க்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு வெளியே காற்றும் மணலும் அடிக்கும் 'கேப் ஃபிளாட்ஸ்' சமவெளிக்குத் துரத்தியது. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் தந்த அதிகாரம் அது. இதே சட்டம்தான் டர்பனில் தமிழர்களையும் பிற இந்தியர்களையும் அவர்கள் வேரூன்றிய பகுதிகளிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் கொட்டியது. எனவே கேப் ஃபிளாட்ஸின் கதை நமக்கு முற்றிலும் அயலானது என்று சொல்ல முடியாது.

1980களின் தொடக்கத்தில் அந்த மணல்வெளிக் குடியிருப்புகளுக்கு ஹிப்ஹாப் வந்து சேர்ந்தது. 'பீட் ஸ்ட்ரீட்' போன்ற படங்களின் வீடியோ கேசட்டுகள், வெளிநாடு போன உறவினர்கள் கொண்டுவந்த ஒலிநாடாக்கள், இவைதான் வழி. அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு அதன் மேல் பிரேக் டான்ஸ், சுவரில் ஸ்ப்ரே பெயின்ட், ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிடித்த ராப். நகரத்தில் 'தி பேஸ்' என்ற கிளப்பில் சனிக்கிழமை மதியங்களில் பையன்கள் கூடினார்கள்.

அங்கிருந்துதான் 'ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி' கிளம்பியது. அதன் டி.ஜே. ரெடி டி, டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் பிறந்து, குடும்பத்தோடு மிட்செல்ஸ் பிளெயினுக்குத் துரத்தப்பட்டவர். கூடச் சேர்ந்தவர் ஷாஹீன் ஆரிஃப்டியன். 1990இல் வந்த இவர்களின் 'அவர் வேர்ல்ட்' தென்னாப்பிரிக்காவின் முதல் ஹிப்ஹாப் ஆல்பம். 1993இல் வந்த 'ஏஜ் ஆஃப் ட்ரூத்' அரசை நேருக்கு நேர் கேள்வி கேட்டது. பாடல்களை ஒலிபரப்ப அரசு வானொலி மறுத்தது. அதே ஆண்டில் அவர்கள் பள்ளி பள்ளியாகப் போய், முதன்முறை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளுக்கு ஜனநாயகம் என்றால் என்ன என்று ராப் பாடிச் சொன்னார்கள். 1994இல் மண்டேலா பதவியேற்றபோது அந்த விழாவில் பாட அவர்களுக்கு அழைப்பு வந்தது. ஒரே ஆண்டில் தடை செய்யப்பட்ட குரல், அரசு விழாவின் குரல் ஆனது. ஷாஹீன் பின்னாளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். அந்த இயக்கத்தின் முதல் தலைமுறையிலேயே ஒரு பகுதி கடல் கடந்துவிட்டது.

ஆனால், விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகள் ஹிப்ஹாப்புக்குச் சாதகமாக இல்லை. 'டவுன்ஷிப்' எனப்படும் கறுப்பினக் குடியிருப்புகளின் இளைஞர்கள் க்வைட்டோவுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஹவுஸ் இசையை நிதானப்படுத்தி, மேலே சுலூவிலும் சொவெட்டோவின் தெருப்பேச்சிலும் சில வரிகளை முழங்கும் இசை அது. ராப் பாடியவர்களை 'அமெரிக்காவைக் காப்பியடிக்கிறவர்கள்' என்று ஒதுக்கினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நியூயார்க் உச்சரிப்பில், நியூயார்க் உடையில், சொவெட்டோ சுவருக்கு முன் நின்று பாடிய பையன்கள் நிறையவே இருந்தார்கள்.

மாற்றம் மூன்று திசையிலிருந்து வந்தது. கேப் டவுனில் 1996இல் ரெடி டியும் நண்பர்களும் தொடங்கிய 'பிராஸ் வானி காப்', கேப் ஃபிளாட்ஸ் மக்கள் வீட்டில் பேசும் ஆஃப்ரிகான்ஸில் ராப் பாடியது. பள்ளிக்கூடத்தில் 'கொச்சை' என்று அடிவாங்கிய பேச்சு அது. ஜோஹன்னஸ்பர்க்கை ஒட்டிய கிழக்கு ரேண்டில் 'ஸ்குவாட்டா கேம்ப்' என்ற ஏழு பேர் குழு இசைக் கம்பெனிகளுக்காகக் காத்திராமல் 2002இல் சொந்தமாக ஆல்பம் போட்டது. அடுத்த ஆண்டு வந்த 'ம்குகு ஃபங்க்‌ஷன்' தங்கத் தட்டு வாங்கியது. 2004இல் பிட்ச் பிளாக் ஆஃப்ரோவின் 'ஸ்டைலிங் ஜெல்' 50,000 பிரதிகளைத் தாண்டிப் பிளாட்டினம் ஆனது.

மூன்றாவது திசை மஹிகெங். போட்ஸ்வானா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். நிறவெறிக் காலத்தில் 'பொஃபுதட்ஸ்வானா' என்ற பொம்மை அரசு இங்கே இருந்தது. பிரிட்டோரியா அரசுக்கு வெளியே உலக நாடுகள் எதுவும் அதை நாடாக ஏற்கவில்லை. ஆனாலும் அதற்கென்று தனி வானொலி, தனி டி.வி. இருந்தன. தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பு தொடாத கறுப்பின அமெரிக்க இசையும் நிகழ்ச்சிகளும் அவற்றில் ஓடின. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் செட்ஸ்வானாவையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கலந்து பாடத் தொடங்கினார்கள். அந்தப் பாணிக்கு 'மொட்ஸ்வாகோ' என்று பெயர். அதன் பெரிய முகம் எச்.எச்.பி. என்கிற ஜபுலானி ட்சாம்போ. ஆடிப்பாடிச் சிரிக்க வைத்தபடியே கூர்மையாகப் பேசக்கூடிய கலைஞர். இளம் காஸ்பருக்குத் தன் பாட்டில் இடம் கொடுத்து முன்னால் நிறுத்தியவரும் அவரே. 2013இல் அதே ஊர்க்காரர் குலி சானாவின் 'லாஸ்ட் இன் டைம்', நாட்டின் உயரிய இசை விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசை வென்றது. எந்த ஹிப்ஹாப் ஆல்பத்துக்கும் அதுவரை கிடைக்காத பரிசு.

இதற்கு அடுத்து வந்த 2014ஐத்தான் நான் இந்த இசையின் பொன்னாண்டு என்பேன். ஏ.கே.ஏ.வின் 'லெவல்ஸ்', காஸ்பரின் 'ட்சொலோஃபெலோ', கே.ஓ.வின் 'காரகாரா' எல்லாம் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. 'காரகாரா' என்றால் டவுன்ஷிப் தெருக்களில் ஓடும் பழைய ஃபோக்ஸ்வாகன் கேரவெல் வேன். அமெரிக்க ராப் வீடியோக்களில் வரும் லம்போர்கினிக்குப் பதிலாக, பக்கத்து வீட்டு மாமா ஓட்டும் வேன் பாட்டுக்கு நாயகன் ஆனது. அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு அதன் கதவு இழுபடும் சத்தம்கூடத் தெரியும். லண்டனில் பாதாள ரயிலில் போய்க்கொண்டு அதைக் கேட்கும் ஒரு சொவெட்டோக்காரருக்கு அந்த வேன் என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊர்ப் பேச்சில் பாடியதால் வெளியூர் போகாமல் தேங்கிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. நடந்தது நேரெதிர். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். ஆஸ்திரேலியாவிலும் ஏறக்குறைய அதே அளவு. நர்ஸ், ஆசிரியர், கணக்காளர், எஞ்சினீயர் என்று போனவர்கள். அங்கே எந்த வானொலியிலும் செட்ஸ்வானா கேட்காது. அமெரிக்க ராப் உலகெங்கும் கிடைக்கிறது. வீட்டுப் பேச்சில் ராப் ஓர் ஊரிலிருந்துதான் கிடைக்கும்.

அது அவர்களைச் சென்றடைந்த வழியும் சொல்லத்தக்கது. ஸ்பாட்டிஃபை தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது 2018இல்தான். அதற்கு முன் புதிய ராப்பர்கள் தங்கள் மிக்ஸ்டேப்களை 'டேட்டாஃபைல்ஹோஸ்ட்' என்ற தளத்தில் இலவசமாக ஏற்றி, லிங்கை ட்விட்டரில் போடுவார்கள். இன்டர்நெட் கட்டணம் கொள்ளை விலை விற்ற நாட்டில் ஒரு முறை இறக்கி, ப்ளூடூத்தில் பத்துப் பேருக்குக் கைமாற்றுவார்கள். அதே லிங்க் பெர்த்திலும் டப்ளினிலும் அதே நிமிடம் திறந்தது. கம்பெனியும் கடையும் சேர்க்காத ரசிகரை ஒரு லிங்க் சேர்த்தது.

புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். வெளியேறியவர்களில் வெள்ளையர் கணிசம். அவர்களிடம் ஜாக் பேரோவின் ஆஃப்ரிகான்ஸ் ராப் பரவியது. 2010இல் 'டீ ஆன்ட்வோர்ட்' என்ற வெள்ளையர் ராப் குழு இன்டர்நெட்டில் வெடித்து உலகப் புகழ் பெற்றது. வெளியுலகம் பலருக்கும் தென்னாப்பிரிக்க ராப் என்று முதலில் கண்டது அவர்களைத்தான். அவர்கள் போட்டுக்கொண்ட பச்சையும், பேசிய தெருமொழியும் கேப் ஃபிளாட்ஸ் மக்களுடையவை. அந்த மக்களுக்கு அதில் பெயரும் இல்லை, பங்கும் இல்லை என்று கேப் டவுன் கலைஞர்கள் வருந்தினார்கள். அந்த வருத்தம் முழுக்க நியாயமானது என்பது என் கருத்து. கேப் ஃபிளாட்ஸின் எல்சிஸ் ரிவரிலிருந்து வந்து, பின்பு லண்டனில் குடியேறிய டோப் செயின்ட் ஜூட் என்ற பெண் ராப்பரைக் கேட்டால், அதே தெருமொழி உரிமைக்காரியின் வாயில் எவ்வளவு கம்பீரமாக ஒலிக்கிறது என்று புரியும்.

இன்னொரு வகை வெளியூர் ரசிகர்களும் இருக்கிறார்கள். ஜிம்பாப்வே, மொசாம்பிக், காங்கோ, நைஜீரியாவிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பிழைக்க வந்தவர்கள். இந்த இசையை ஆக்கியதிலும் அவர்களுக்குக் கை உண்டு. நாடு கடந்து வாழ்ந்த பெற்றோருக்குத் தான்சானியாவில் பிறந்த டூமி மொலெகானே, மொசாம்பிக் இசைக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய 'டூமி அண்ட் தி வால்யூம்' குழு பிரான்ஸ் வரை மேடையேறியது. ராப்பர் நாடியா நகாயின் தந்தை ஜிம்பாப்வேக்காரர். ஏ.கே.ஏ.வின் பெரும் வெற்றிப் பாடலான 'ஆல் ஐஸ் ஆன் மீ'யில் நைஜீரியாவின் பர்னா பாயும் பாடியிருக்கிறார்.

அந்த நட்பு முறிந்த கதை வேதனையானது. 2019 செப்டம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் வெளிநாட்டவர் கடைகள் சூறையாடப்பட்டன. பர்னா பாய் இனி தென்னாப்பிரிக்க மண்ணை மிதிக்கமாட்டேன் என்ற தொனியில் கொதித்தார், ஏ.கே.ஏ.வும் அவரும் ட்விட்டரில் கடுமையாக மோதினார்கள். சேர்ந்து பாடிய இரண்டு பேர் எதிரெதிர் நாட்டின் கொடிகளாக நிறுத்தப்பட்டார்கள். இசை எல்லையைக் கடக்கும் என்று மேடையில் சொல்வது எளிது. கூட்டம் கடையை உடைக்கும்போது அந்தக் கடைக்காரரின் போனில் ஓடுவது எந்த நாட்டு ராப் என்று யாரும் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய துயரம், இந்தத் தலைமுறைக் கலைஞர்கள் வரிசையாகப் போனது. சொவெட்டோவின் செல்லப்பிள்ளை ப்ரோகிட் 2018 ஆகஸ்டில், 37 வயதில். எச்.எச்.பி. அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில். புதியவர்களைத் தூக்கிவிட்டே பெயர் வாங்கிய ரிக்கி ரிக் 2022 பிப்ரவரியில், 34 வயதில். 2023 பிப்ரவரி 10 இரவு டர்பனின் ஃபுளோரிடா ரோட்டில், உணவகத்துக்கு வெளியே நண்பர்களோடு நின்றிருந்த ஏ.கே.ஏ.வை நெருங்கி வந்து சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 35 வயது. நண்பர் டெபெல்லோ மொட்ஸ்வானேவும் இறந்தார். கண்காணிப்பு கேமராவில் பதிவான அந்தச் சில நொடிகளை வெளிநாட்டு ரசிகர்கள் விடிவதற்குள் பார்த்துவிட்டார்கள். அவருடைய 'மாஸ் கன்ட்ரி' ஆல்பம் இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது. சந்தேக நபர்களைக் கைது செய்ய ஓராண்டு ஆனது. ஏ.கே.ஏ. கொல்லப்பட்ட அடுத்த மாதமே, சுலூவில் ராப் பாடிய வெள்ளைக்கார இளைஞர் கோஸ்டா டிட்ச் மேடையிலேயே சரிந்து இறந்தார்.

இதற்கிடையே அமபியானோ என்ற நடன இசை வந்து எல்லா மேடைகளையும் பிடித்துக்கொண்டது. காஸ்பரே அந்தப் பக்கம் போனார். ஹிப்ஹாப் முடிந்தது என்று பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டர்பனின் நாஸ்டி சி 2020இல் அமெரிக்காவின் டெஃப் ஜாம் நிறுவனம் வழியே ஆல்பம் போட்டார். ஷோ மட்ஜோசி, நாட்டிலேயே கேலிக்கு ஆளான ட்சோங்கா மொழியில் பாடி 2019இல் அமெரிக்காவின் பி.இ.டி. விருதை வாங்கினார். பிரிட்டோரியாவில் ஏ-ரீஸ் பெரிய கம்பெனி இல்லாமலே தன் ரசிகர்களைக் கட்டி வைத்திருக்கிறார். அரங்கம் சிறிதாகியிருக்கலாம், பாட்டு மெலியவில்லை.

புதிதாகக் கேட்க விரும்பும் தமிழ் வாசகருக்கு ஒரு யோசனை. டீ ஆன்ட்வோர்ட்டில் தொடங்காதீர்கள். கேப் டவுனின் யங்ஸ்டா சி.பி.டி. 2019இல் வெளியிட்ட 'திங்ஸ் டேக் டைம்' ஆல்பத்தில் தொடங்குங்கள். துரத்தப்பட்ட ஒரு சமூகம் தன் பெயரையும் வரலாற்றையும் தானே சொல்லும் ஆல்பம் அது. அடுத்து 'லாஸ்ட் இன் டைம்', பிறகு 'லெவல்ஸ்'. மூன்றும் யூடியூபிலும் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் கிடைக்கின்றன. திருட்டுப் பதிவுகளைத் தவிர்த்துக் கலைஞர்களின் சொந்தச் சேனல்களிலேயே கேளுங்கள். பெரிய கம்பெனிகளின் துணை இல்லாத கலைஞர்களுக்கு ஒவ்வொரு கேட்பும் வருமானம்.