ஹெவிவெயிட்டின் எடைப் பேரேடு

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் சையத் அப்துல் காதிர் மோதிய பிரிவின் உச்சவரம்பு 48 கிலோ. சிங்கப்பூரிலிருந்து ஒலிம்பிக் குத்துச்சண்டை வளையத்துக்குள் போன ஒரே ஆள் அவர். இரண்டு வருடம் கழித்து, கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். அவருக்கு அடுத்த பிரிவு 51 கிலோ. பிறகு 54, 57 என்று ஏறி அன்று 81இல் வரம்பு முடிந்தது. மூன்று கிலோ கூடினாலே வேறு பிரிவு, வேறு எதிராளி. 48க்கும் 81க்கும் இடையே இருப்பது 33 கிலோதான். அந்த இடைவெளிக்குள் பத்துப் பிரிவுகள்.

இனி 2009 நவம்பர் 7, ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் நடந்த தொழில்முறை ஹெவிவெயிட் சண்டை. டேவிட் ஹே 98.7 கிலோ, நிக்கொலாய் வாலுயேவ் 143.3 கிலோ, உயரம் ஏழடி. வித்தியாசம் 44.6 கிலோ. காதிரின் முழு எடையையும் ஹேயோடு கூட்டினால்தான் வாலுயேவைத் தாண்ட முடியும். ஆனாலும் இருவரும் ஒரே பிரிவு. தொழில்முறை ஹெவிவெயிட்டுக்கு அன்று கீழ்வரம்பு மட்டுமே இருந்தது: 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோ. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். அன்று ஜெயித்தவர் ஹே. இரண்டு நடுவர்கள் 116-112 போட்டார்கள், ஒருவர் 114-114.

சிறியவர் பெரியவரை வெல்லும் பேச்சு எழுந்தால் சிங்கப்பூரின் மூத்த தலைமுறைக்கு நினைவுக்கு வருவது, ஹேப்பி வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் மல்யுத்த வீரர்கள் தாரா சிங்கும் கிங் காங்கும் மோதியதுதான். 1947இல் சிங்கப்பூர் வந்து, டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்து, கிரேட் வோர்ல்டில் மல்யுத்தம் பழகியவர் தாரா சிங். 130 கிலோக்காரர் 200 கிலோக்காரரைத் தூக்கி எறிந்தார் என்பார்கள். தாரா சிங் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது காட்சி மல்யுத்தம். அந்த எண்கள் விளம்பரத்துக்குச் சொன்னவை. இந்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்க முடியாது.

சிறியவர் பெரியவரை வென்றதை வரவு, தோற்றதைச் செலவு என்று பேரேடு எழுதினால், வரவுப் பக்கத்தின் பழைய வரிகள் கண்ணைக் கவரும். 1919 ஜூலை 4இல் ஜாக் டெம்ப்சி 84.8 கிலோவோடு 111 கிலோ ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். 1935இல் ஜோ லூயி தன்னைவிட 29 கிலோ கூடிய பிரிமோ கார்னெராவை ஆறாம் சுற்றில் முடித்தார். ஆனால் தோற்றவர்களின் தரத்தையும் பார்க்க வேண்டும். வில்லார்டுக்கு 37 வயது, மூன்று ஆண்டுகளாகப் பட்டத்துக்காக மோதவே இல்லை. கார்னெராவை அதற்கு முந்தைய ஆண்டே மாக்ஸ் பேர் பதினோரு முறை விழவைத்துப் பட்டத்தைப் பறித்திருந்தார். வாலுயேவும் கால் நகராத ஆள். பருமன் மட்டுமே மூலதனமாக வந்த ராட்சதர்களை வென்றது மலிவான வெற்றி என்பதே என் கணிப்பு.

செலவுப் பக்கம் வேறு மாதிரி. 2011 ஜூலையில் அதே ஹே, ஏறக்குறைய 110 கிலோ விளாடிமிர் கிளிச்கோவிடம் புள்ளிகளில் தோற்றார். செப்டம்பரில் 98 கிலோ தோமாஷ் அடாமெக், கிட்டத்தட்ட அதே 110 கிலோ கொண்ட அண்ணன் விதாலியிடம் பத்தாம் சுற்றில் வீழ்ந்தார். 143 கிலோக்காரரை வென்றவரால் 110 கிலோக்காரரை வெல்ல முடியவில்லை. முன்கையை நீட்டி ஜாப் போடத் தெரிந்த, தூரத்தை அளக்கத் தெரிந்த 110 கிலோதான் சிறியவருக்கு உண்மையான ஆபத்து.

அப்படியானால் இன்றைய சிறியவர் ஒலெக்சாண்டர் உசிக்கின் கணக்கு? 2021 செப்டம்பர் முதல் 2025 ஜூலை வரை ஜோஷுவா, டுபுவா, ஃபியூரி ஆகிய மூன்று பெரிய ஹெவிவெயிட்டுகளோடும் இரண்டிரண்டு முறை மோதினார். ஆறிலும் எதிராளிதான் கனம். ஆறிலும் உசிக்தான் வென்றார். எடைக் குறைவைக் கூட்டினால் சுமார் 74 கிலோ, சராசரியாகச் சண்டைக்கு 12. மூவருமே நகரத் தெரிந்தவர்கள், அடிக்கத் தெரிந்தவர்கள். வரவுப் பக்கத்தில் இதைவிடக் கடினமாகச் சம்பாதித்த வரி எதுவும் இல்லை.

டைசன் ஃபியூரியின் இரண்டு வரிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 மே மாதம் ரியாத்தில் அவர் 118.8 கிலோ, உசிக் 101.4. சிங்கப்பூரில் ஞாயிறு விடியும் நேரத்தில் பிளவுபட்ட தீர்ப்பு வந்தது. ஒரு நடுவர் ஃபியூரிக்கே கொடுத்திருந்தார். டிசம்பரில் ஃபியூரி முழு உடையோடு தராசில் ஏறி 127.5 காட்டினார், உசிக் 102.5. கூட்டிக்கொண்டு வந்த எடை ஒரு புள்ளியைக்கூட வாங்கித் தரவில்லை. மூன்று நடுவர்களும் உசிக்குக்கு 116-112. பன்னிரண்டு சுற்றென்றால் 36 நிமிடம். இடக்கைக்காரரான உசிக் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தார். அவ்வளவு உடம்பையும் சுமந்துகொண்டு ஃபியூரி திரும்பித் திரும்பி நிற்க வேண்டியிருந்தது.

ஒன்றைத் தவறவிடக் கூடாது. உசிக்கின் அந்த 102.5 கிலோ, பவுண்டில் 226. 2003 மார்ச்சில் 193 பவுண்டு ராய் ஜோன்ஸ் வென்ற 'பெரிய' ஜான் ரூயிஸின் எடையும் 226தான். அன்றைய பெரியவரின் எடைதான் இன்றைய சிறியவரின் எடை! உசிக்கின் உயரம் 191 சென்டிமீட்டர். தோல்வியே காணாத ராக்கி மார்சியானோ 179தான், எடை 84 கிலோ அளவு. ஜோன்ஸுக்குப் பிறகு 90 கிலோவுக்குக் கீழே நின்று ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றவர் ஒருவரும் இல்லை. ஆகவே, சிறியவரால் முடியுமா என்று கேட்டால், 98 கிலோவுக்கு மேல் இருந்து, கால் ஓயாமல் நகரத் தெரிந்தால் முடியும் என்பேன். 85 கிலோவில் முடியாது.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் சுற்றுவட்டாரத்தில் கையுறை மாட்டிப் பழகும் 85 கிலோ இளைஞர் யாரேனும் டெம்ப்சியை முன்னுதாரணம் காட்டினால், பயிற்சியாளர் அவரை நிறுத்த வேண்டும். 1979இல் குரூஸர்வெயிட் என்ற பிரிவு பிறந்தது. முதலில் 190 பவுண்டு, 2003 முதல் 200 பவுண்டு வரம்பு. டெம்ப்சியும் மார்சியானோவும் இன்று இருந்தால் மோதவேண்டிய இடம் அதுதான். அந்த இளைஞருக்கும் அதே இடம்தான்.