மேசைமேல் ஒரு துறைமுகம்

1942 ஏப்ரல் 8ஆம் திகதி மாலை பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’ திருகோணமலைத் துறைமுகத்தில் நின்றது. ஜப்பானிய விமானங்கள் வரக்கூடும் என்ற எச்சரிக்கை கிடைத்ததும் அன்றிரவே அது வெளியேறியது. மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் குண்டுபட்டு மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தனர். நங்கூரமிட்டுத் துறைமுகத்துக்குள்ளேயே நின்ற ‘சகாயிங்’ என்ற நீராவிக் கப்பலும் அதே காலையில் எரிந்தது. அந்த ஏப்ரல் 8 மாலையை ஒரு பெரியவரும் பேரப்பிள்ளையும் சேர்ந்து ஒரு மேசைமேல் கொண்டுவரலாம். 1:700 என்ற அளவில் 183 மீற்றர் நீளமான ஹெர்மிஸ் 26 சென்ரிமீற்றராகச் சுருங்கும். ஏறக்குறைய 138 மீற்றர் நீளமான சகாயிங் 20 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக வரும். இரண்டும் பத்து வயதுப் பேரப்பிள்ளையின் கைக்குள் அடங்கும் கப்பல்கள்.

நிஜத்தில் உள்ள ஓர் இடத்தையும் ஒரு கணத்தையும் அளவு பிசகாமல் சுருக்கி, நிலமும் நீரும் மனிதர்களுமாக அமைக்கும் சிறு காட்சிக்கு டயோரமா என்று பெயர். 1822இல் பாரிஸில் லூயி டாகர் திறந்த டயோரமா என்பது பிரமாண்டமான திரை ஓவியத்தில் ஒளியை மாற்றி மாற்றிக் காட்டிய காட்சிச்சாலை. பிறகுதான் அந்தப் பெயர் நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் வீட்டு மேசைகளுக்கும் வந்தது. கைவேலை என்று பார்த்தால் நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. நவராத்திரிக் கொலுவின் ஓரத்தில் கடுகு முளைக்கவைத்துப் புல்வெளியும் முகம்பார்க்கும் கண்ணாடியில் குளமும் அமைத்த கைகள் எத்தனை! நத்தாருக்குக் குடில் கட்டும் வீடுகளிலும் இதே வேலைதான். கிரேச்சியோ என்ற இத்தாலியச் சிற்றூரில் 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலிலிருந்து வளர்ந்த வழக்கம் அது.

ஆனால் கொலுவில் யானையைவிடச் செட்டியார் பொம்மை பெரிதாக இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. டயோரமாவில் அது நடக்காது. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கவேண்டும். 170 சென்ரிமீற்றர் உயரமான மனிதர் 1:72இல் 24 மில்லிமீற்றர்; 1:700இல் இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமானின் தோள் உயரம் 90 சென்ரிமீற்றர் என்று வைத்தால் 1:72இல் அது பன்னிரண்டரை மில்லிமீற்றர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விகிதக் கணக்கு இதைவிட நன்றாகப் புரிவதற்கு வேறு வழி தேடவேண்டியதில்லை.

அளவைத் தெரிவுசெய்வதுதான் முதல் முடிவு. 1:72 நெடுங்காலமாகப் புழங்கும் அளவு. எயார்பிக்ஸ் நிறுவனம் 1953இல் வெளியிட்ட முதல் ஸ்பிட்பயர் விமானமும் இதே அளவுதான். 1:700 ஜப்பானிலிருந்து வந்தது. 1971இல் தமியா, ஹசெகாவா, ஆவோஷிமா, புஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் சேர்ந்து, நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் கொண்ட கப்பல் வரிசையை அந்த அளவில் தொடங்கின. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் அந்தக் கப்பலை அப்படியே ‘கடல்’மேல் வைத்துவிடலாம். ஆவோஷிமா ஹெர்மிஸையும் வெளியிட்டிருக்கிறது. சகாயிங்கை முள்முருக்குப் போன்ற மெதுமரத்தில் கையால் செதுக்கிக்கொள்ளலாம்.

துறைமுகம் முழுவதும் மேசைக்குள் வருமா? 1:700இல் ஒரு கிலோமீற்றர் என்பது 1 மீற்றர் 43 சென்ரிமீற்றர். சீனக்குடாவிலிருந்து சோபர் தீவு வரை அமைக்க முயன்றால் கட்டிலையும் வெளியே எடுத்துப் போடவேண்டி வரும். ஆகவே ஒரு மூலையை வெட்டி எடுக்கவேண்டும். எந்த மூலை என்ற கேள்வியில்தான் அம்மப்பாவும் பேரப்பிள்ளையும் முதன்முதலாக உண்மையிலேயே பேசத் தொடங்குகிறார்கள். பிள்ளை குண்டுவீச்சைக் கேட்கும். பஞ்சில் புகையும் சிறு மின்குமிழில் தீயும் வைப்பது சுலபம், பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். என்றாலும் முதல் நாள் மாலையே மேலான தெரிவு. வெடிப்பை வைத்துவிட்டால் பார்ப்பவரின் கண் அதைவிட்டு நகராது. முதல் நாள் மாலையிலோ துறைமுகத்தில் வேலைசெய்த ஒவ்வொருவருக்கும் இடமுண்டு: வள்ளக்காரர், சுமையிறக்குவோர், கப்பல்தளக் கூலிகள். பிரித்தானியர் 1957 ஒக்டோபரில் இங்கிருந்த கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது அங்கே வேலைபார்த்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று அம்மப்பாக்களும் அப்பம்மாக்களும்.

இனி வருவது எந்தப் பெட்டியின் செய்முறைத் தாளிலும் இல்லாதது.

நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றை நோக்கித் தலையைத் திருப்பிக்கொள்ளும். நீரோட்டம் வலுவில்லாத இடத்தில் பத்துப் படகுகள் நின்றால் பத்தும் ஏறத்தாழ ஒரே பக்கம் பார்க்கும். பிள்ளை தன் படகுகளை அழகுக்காகத் திசைக்கொன்றாக ஒட்டும். துறைமுகத்தோடு வாழ்ந்த முதியவர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மாசம்?” என்பது. மார்கழி என்றால் வாடை. வடகிழக்கிலிருந்து வரும் காற்று. ஆனி, ஆடி என்றால் கச்சான். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கொடி, புகை, உலரப்போட்ட சாரம் எல்லாம் அந்த ஒரே காற்றுக்குக் கட்டுப்படவேண்டும். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே காட்சிக்கு உயிர் வந்துவிடும்.

அலைமட்டமும் அப்படித்தான். வெளிநாட்டு மாதிரிப்படங்களில் துறைமுகச் சுவர்களின் கீழே ஆள் உயரத்துக்குப் பாசியும் சேறும் பூசியிருப்பார்கள். இங்கிலாந்துக் கரைகளில் கடல் பல மீற்றர் ஏறி இறங்குவதால் அங்கே அது சரி. திருகோணமலையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைத் தொடாது. 1:72இல் 14 மில்லிமீற்றருக்கும் குறைவான ஒரு பட்டை. அந்தப் படங்களைப் பார்த்து அப்படியே தீட்டினால் துறைமுகம் வேறொரு நாட்டுக்குப் போய்விடும். நீரின் நிறத்திலும் கவனம் வேண்டும். உள்துறைமுகம் கரைக்கு மிக அருகிலேயே ஆழமாகிவிடுவதால் கரையை ஒட்டியே கருமை தொடங்கும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாவிலோ மாரிமழைக்குப் பின் நீர் கலங்கிப் பழுப்பாகக் கிடக்கும். கடைத்தெருவில் ‘கடல் நீலம்’ என்று விற்கும் வண்ணம் இரண்டுக்குமே உதவாது. போத்தலோடு கடற்கரைக்குப் போய், நீரின் அருகே நின்றே வண்ணத்தைக் கலந்து பார்ப்பது நல்லது.

கப்பல்களில் ஆர்வமில்லாத வீட்டில் கரைவலையை எடுக்கலாம். 1:72இல் 19 அடிப் பைபர் படகு 8 சென்ரிமீற்றர், ஓலைக்கிடுகு வேய்ந்த வாடி ஓர் உள்ளங்கை அகலம். காய்ந்த தென்னோலையைக் கீறினால் கிடுகு கிடைக்கும். பழைய நைலோன் துணி வலையாகும். ஆனால் ஒரு கிலோமீற்றர் நீளக் கயிறு இந்த அளவிலும் 14 மீற்றர் வருமே! வலையின் மடி கரையேறும் கடைசிக் கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் தீரும். இழுப்பவர்களைச் செய்யும்போது பெரியவர் எழுந்து நின்று இழுத்துக் காட்டவேண்டும். உடல் பின்னால் சாய்வதையும், குதிகால் மணலில் புதைவதையும், அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லாத் தோள்களும் ஒன்றாக அசைவதையும் பார்த்தபிறகு செய்த கம்பிப் பொம்மைக்கும் பார்க்காமல் செய்ததற்கும் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

மறைந்துபோன பொருள்களைச் செய்வதில்தான் இந்த இரண்டு தலைமுறைக் கூட்டுவேலை மிகவும் பயன்தருகிறது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன் வாகனமும் மக்களும் ‘பாதை’ எனப்பட்ட மிதவையில்தான் நீரைக் கடந்தார்கள். இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்குப் பாலம் மட்டுமே தெரியும். பாதை எப்படி இருந்தது என்று கேட்டால் பெரியவர், “பெருசா இருக்கும்” என்பார். எவ்வளவு பெரிசு? பஸ் ஏறினால் பக்கத்தில் எவ்வளவு இடம் மிஞ்சும்? கைபிடி இடுப்பளவா, நெஞ்சளவா? சனம் நின்றதா, இருந்ததா? அளவுகோலைக் கையில் பிடித்த பிள்ளை இத்தனையும் கேட்டே தீரும். அதுவரை யாரும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிராததால் பெரியவரும் கண்ணைமூடி யோசிப்பார்; அயல்வீட்டுக்காரரிடம் கேட்பார்; அலுமாரியில் பழைய படம் தேடுவார்.

படம் கிடைத்தால் அளவும் கிடைத்ததுபோல்தான். அதில் ஒரு சைக்கிள் நின்றால் போதும். 28 அங்குலச் சக்கரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். படத்தில் அது 7 மில்லிமீற்றர் என்றால், அதே தொலைவில் உள்ள மற்றப் பொருள்களில் ஒவ்வொரு மில்லிமீற்றரும் நிஜத்தில் 10 சென்ரிமீற்றர். கமராவுக்கு அருகிலோ தள்ளியோ உள்ளவற்றுக்கு இந்தக் கணக்குச் சரிவராது என்பதையும் பிள்ளை அப்போதே கற்றுக்கொள்ளும்.

வரைபடம் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பலே சான்று. பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் தளத்தில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் கடலில் இறக்கப்பட்ட போர்க்கப்பல் ‘திரிங்கோமலி’. அதன் வரைபடங்களைச் சுமந்துவந்த ‘ஜாவா’ என்ற கப்பல் 1812இல் அமெரிக்கரோடு நடந்த சண்டையில் அழிந்ததால் வேறு படி வரும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. இன்று அந்தக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்தபடியே காட்சிக்கு நிற்கிறது. நம்மவர் கட்டிய கப்பலைச் செய்ய விரும்பினால் வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’ உண்டு. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த 89 அடிப் பாய்க்கப்பல். 1:72இல் 38 சென்ரிமீற்றர்.

வேலைக்குப் பெரிய செலவில்லை. மின்சாதனப் பெட்டிகளோடு வரும் ரெஜிபோமை அடுக்கி ஒட்டிச் செதுக்கினால் சுவாமி மலை. மேலே வெள்ளைப் பசையும் சலித்த மணலும். கடலுக்கு மெல்லிய ரிசு தாளைப் பசைநீரில் நனைத்துப் பலகைமேல் பரப்பி, விரலால் சுருக்கி அலையாக்கி, உலர்ந்தபின் வண்ணம் தீட்டி, பளபளப்பு வார்னிஷ் நான்கைந்து தடவை பூசவேண்டும். பைபர் படகு திருத்தும் பட்டறையில் கிடைக்கும் ரெசின் கண்ணாடிபோல் மின்னும் என்று சிலர் அதை ஊற்றப் பார்ப்பார்கள். அது ரெஜிபோமைக் கரைத்துவிடும். அதன் ஆவியும் பிள்ளைக்குக் கூடாது. வெட்டுக்கத்தி, சுப்பர் குளூ, தின்னர் மூன்றும் பெரியவர் பொறுப்பில் இருக்கட்டும்.

மற்றவற்றைப் பிள்ளையிடம் விட்டுவிடவேண்டும். இது சொல்வதற்கு எளிது. ஒட்டுக் கோணலாகும்போது கை தானாக நீளும். அதைப் பின்னுக்கு இழுப்பதுதான் பெரியவருக்குள்ள கடினமான வேலை. அறுபது தாண்டிய கண்ணுக்கு இரண்டரை மில்லிமீற்றர் மனிதர் மங்கிப்போவார். பிள்ளையின் கண்ணுக்கு அவர் மூக்கருகேயும் தெளிவாகத் தெரிவார். மாலுமியின் தொப்பிக்கு வெள்ளைப் புள்ளி வைப்பது பிள்ளையால்தான் ஆகும். கடலுக்கு அடுத்த பூச்சு எப்போது என்பதைப் பெரியவர் சொல்லலாம். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் போட்டால் நீர் பால்போல் வெளுக்கும். ஆகவே ஒரு நாளில் முடிக்கும் வேலை இது இல்லை. பாடசாலை விடுமுறை முழுவதும் நீளும்.

காத்திருக்கும் நாட்களில் வெளியே போகலாம். ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் இயங்கும் கடற்படை வரலாற்று நூதனசாலை இருக்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் ஒன்று மேலே விழுந்ததால் எரிந்தது. சகாயிங்கின் கதைக்கும் பிற்பகுதி உண்டு: இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள் 2018 மார்ச்சில் அதைக் கடலடியிலிருந்து மறுபடி மேலே கொண்டுவந்தார்கள். மேசைமேல் சகாயிங்கைச் செதுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பழைய சரித்திரமாகத் தோன்றாது.

சில பெரியவர்கள் சில ஆண்டுகளைத் தொட விரும்பமாட்டார்கள். 2004 டிசம்பர் 26, அதற்கு முன்பும் பின்புமான போர்க்காலம். அதை மதித்து வேறு ஆண்டைத் தெரிவுசெய்வதில் ஒரு குறையும் இல்லை. துறைமுகத்துக்கு ஆண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

வேலை முடிந்ததும் உப்புக்காற்றும் தூசியும் படாமல் கண்ணாடிப் பெட்டியால் மூடி, அடியில் அளவு, திகதி, விவரம் சொன்னவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி ஒட்டவேண்டும். மூடுமுன் பிள்ளை எப்படியும் ஒரு திமிங்கிலம் கேட்கும். ஏப்ரல் 8 காட்சியில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு நெருங்கி வருவதால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீலத்திமிங்கிலம் தென்படுவது வழக்கம். 25 மீற்றர் நீளமான திமிங்கிலம் 1:700இல் 3.6 சென்ரிமீற்றர். அதிலும் முதுகு மட்டும் நீருக்கு மேலே தெரிந்தால் போதும். மூச்சுநீருக்கு ஒரு துளிப் பஞ்சு, அதுவும் காற்றுப் போகும் பக்கம் சாய்ந்து.