சங்ரோ குன்றின் மேல் ஒரு சுபேதார்

நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் கண்காட்சி என்றால் தி.நகர், அடையாறிலிருந்து குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம். அதே மவுண்ட்–பூந்தமல்லி சாலையில்தான் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்போம்? தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிக்க ஆளில்லாத கல்லறைகளில் கிடந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களை ஓரிடத்தில் சேர்க்க 1952-ல் அமைத்தது. 850-க்கும் மேற்பட்டவர்கள் இங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெயர்கள்.

சரி, அந்தப் போரில் செத்த நம் ஊர்க்காரர்கள் எங்கே? ஒருவர் பெயரைத் தேட இத்தாலிக்குப் போக வேண்டும்.

காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சப்பர்ஸ் படைப்பிரிவு. பட்டாளத்தில் இவர்களுக்கு 'தம்பி' என்றே செல்லப்பெயர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. மற்றவர்கள் சுட்டுக்கொண்டு போவதற்கு முன்னால், கையில் கருவியோடு மண்ணைத் தடவிக்கொண்டு போகிறவர்கள்.

1944 பிப்ரவரி 24. மொந்தே கசினோ மலைக்காக மாதக்கணக்கில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரம். அதற்குத் தெற்கே மிஞ்ஞானோ அருகில் கண்ணிவெடி வயலில் வழி செய்யப் போன குழுவில் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். ஜெர்மானியர்களின் 'எஸ்' ரகக் கண்ணி பொல்லாதது. மிதித்த உடனே வெடிக்காது. சில விநாடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எகிறி, இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் இறைக்கும். அந்தச் சில விநாடிகளில் தரையில் விழுந்து தன்னைக் காத்துக்கொள்ளலாம். சுப்பிரமணியன் கண்ணியின் மேலேயே விழுந்தார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1945-ல் டெல்லி செங்கோட்டையில் வைஸ்ராய் வேவல் அந்தப் பதக்கத்தை அவர் மனைவியின் கையில் கொடுத்தார்.

தகனம் செய்யப்பட்டவருக்குக் கல்லறை கிடையாது. அப்படிப்பட்ட இந்திய வீரர்களுக்காக இத்தாலியில் மூன்று நினைவிடங்கள் எழுப்பினார்கள். அதில் ஒன்று தோரினோ தி சங்ரோ என்ற சிற்றூரின் குன்றுச் சரிவில், 500-க்கும் மேற்பட்ட பெயர்களோடு நிற்கிறது. நம் சுபேதார் பெயரும் அங்கேதான்.

கசினோ மலையில் இன்னொரு சுவடு. ஒற்றையடிப் பாதையை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்திய வேலையில் மெட்ராஸ் சப்பர்களுக்கும் பங்குண்டு. அந்தப் பாதையில் ஒரு திடலுக்கு 'மெட்ராஸ் சர்க்கஸ்' என்றே பெயர். நாம் மெட்ராஸைச் சென்னையாக்கிவிட்டோம். அந்த மலையில் பெயர் மாறவில்லை.

சங்ரோவில் புல் வெட்டுவதும் நந்தம்பாக்கத்தில் புல் வெட்டுவதும் ஒரே காமன்வெல்த் அமைப்பின் பொறுப்பு. பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. குறை நம் பக்கம்தான். பனகல், உஸ்மான் என்று தெருவுக்குத் தெரு தலைவர்களை நினைவில் வைத்திருக்கும் தி.நகரில் சுப்பிரமணியன் யார் என்று கேட்டால் எந்த சுப்பிரமணியன் என்பார்கள். ரோம், வெனிஸ் என்று டூர் போகும் மயிலாப்பூர் தாத்தா பாட்டிகள் பெஸ்காராவுக்குத் தெற்கே கடலோரமாக இறங்கினால் சங்ரோ தூரமில்லை. டூர்க்காரர்கள் அட்டவணையில் இருக்காது. கேட்டு வாங்கத்தான் வேண்டும்.